எண்ணெய் தேய்க்கும் இன்னொரு கை

புதிதாக வாங்க வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். நலங்கு மாவு வேண்டும் என்பவர்கள், "அக்கா, கலர் வருமா?" என்பார்கள். சீயக்காய்த் தூளோ தலைக்கு வைக்கும் எண்ணெயோ வேண்டும் என்பவர்கள், "முடி கொட்டுறது நிக்குமாக்கா?" என்பார்கள். எல்லாரும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் உள்ள பிள்ளைகள். சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலோ பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை. பலர் இருப்பது பி.ஜி. விடுதி அறையில், இருவராகவோ மூவராகவோ. கலர் வராது என்று முதல் கேள்விக்கும், நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன் என்று இரண்டாவது கேள்விக்கும் பதில் எழுதுவேன். அதற்கு மேலும் பேச்சை வளர்ப்பவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

மதுரையில் குளியல் பொடிகளும் எண்ணெயும் செய்து விற்பது என் தொழில். சரக்குப் பொறுக்குவது, உலர்த்துவது, அரைப்பது, சலிப்பது, பொட்டலம் போடுவது, அந்தப் பொட்டலத்தின் மேல் என்ன எழுதலாம் என்று முடிவு செய்வது எல்லாம் என் பொறுப்பு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது கடைசி வேலையைப் பற்றி. ஆனால் அரைப்பதைச் சொல்லாமல் எழுதுவதைச் சொல்ல எனக்கு வராது.

கஸ்தூரி மஞ்சளை எடுத்துக்கொள்வோம். நல்ல கஸ்தூரி மஞ்சளை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிர் சந்தன நிறம்தான் இருக்கும். கற்பூரம் கலந்ததுபோல வாசம் வரும். தோலில் பெரிதாகக் கறை பிடிக்காது. அந்தப் பெயரில் பளீரென்ற மஞ்சள் நிறத்தில் வில்லை வில்லையாகக் கடைகளில் கிடைப்பது பல நேரம் வேறொரு கிழங்கு. கேரளத்தில் அதை மஞ்சக்கூவை என்பார்கள். விலையும் குறைவு, பார்வைக்கும் எடுப்பு. இன்ஸ்டாகிராம் ரீல் ஒன்றில் அடர்மஞ்சளாகக் குழைத்துப் பூசுவதைப் பார்த்துவிட்டு என் பொடியைப் பிரிக்கும் பெண்ணுக்கு, அது வெளிறியிருப்பது கலப்படமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கண்ணுக்கு விற்பதா, மூக்குக்கு விற்பதா என்ற கேள்வி இந்தத் தொழிலில் கிழங்கு வாங்கும் நாளிலேயே வந்துவிடுகிறது. நான் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளுக்குப் போனால் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கிழங்கை வாங்கி உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். கடைக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், விலாமிச்சை வேர் ஆகியவற்றை வெயிலில் காய வைக்கலாம். வெட்டிவேர் கடலூர்க் கடற்கரை மணலில் விளைந்ததாக இருந்தால் மண் உதிர்ப்பது எளிது. ரோஜா இதழ், மகிழம்பூ, ஆவாரம்பூ மூன்றும் நிழலுக்கு உரியவை. வெயிலில் போட்டால் நிறமும் மணமும் ஒரு பகலில் போய்விடும். பச்சைப்பயறு கையில் அள்ளிப் போட்டால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். அந்த ஒலி மந்தமாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்றைக்கு அரைத்தால் அடுத்த மாதம் பொட்டலத்துக்குள் வண்டு ஓடும். பதம் பார்க்கும் கருவிகள் உண்டு. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனாலும் காதுதான் முதலில் சொல்கிறது.

அரவைக்கு மில்லுக்குப் போகும்போது, மிளகாய் அரைத்த இயந்திரத்தின் பக்கமே போகக் கூடாது. எவ்வளவு துடைத்தாலும் கல்லிடுக்கில் காரம் தங்கும். முகத்தில் பூசும் மாவில் அது வந்து சேரும். எங்கள் மில் அண்ணாச்சி சீயக்காய்க்கென்றே தனி இயந்திரம் வைத்திருக்கிறார். சீயக்காய் அரைபடும்போது எழும் தூசியில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்தத் தும்மலும் இருமலும் எப்படிப்பட்டவை என்று. மூக்கில் துணி கட்டாமல் அங்கே நிற்க முடியாது. அரைத்த மாவை ஆறவிட்டு, சல்லடையில் ஒரு தரமும் மெல்லிய துணியில் ஒரு தரமும் சலிக்க வேண்டும். துணியில் சலிப்பதைச் சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்பார்கள். முகத்துக்குப் போகும் மாவை இப்படிச் சலிக்காவிட்டால் வேரின் நார்த்துணுக்குகள் தோலைக் கீறும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு கையில் இருப்பது என்ன? பயற்று மாவு தோலில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரோடு போகும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சபோனின் என்ற பொருள் நுரைத்து அழுக்கை எடுக்கும். உப்புத்தண்ணீரில் சோப்பு போட்டால் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து முடியில் ஒட்டுமே, அந்தத் தொல்லை சீயக்காயில் இல்லை. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிக்கும் பிள்ளைகளுக்கு இது உண்மையான உதவி. வேர்களும் பூக்களும் மணம் தரும். எண்ணெய் முடியிழைக்கு வழவழப்பைத் தரும். மும்பையில் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யவில்லை என்றும் காட்டினார்கள். அது பாராசூட் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதை நான் இதைச் சொல்லும்போதெல்லாம் சேர்த்தே சொல்வேன். அந்த ஆய்வு பேசுவது முளைத்துவிட்ட முடியின் சேதத்தைப் பற்றி. புது முடி முளைப்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. என் பொட்டலத்தால் ஆவதும் அவ்வளவுதான்: அழுக்கு போகும், வழவழப்பு வரும், மணம் இருக்கும்.

இவ்வளவு சிறிய உண்மையைச் சுற்றித்தான் இன்றைக்கு மாபெரும் சந்தை ஒன்று எழுந்து நிற்கிறது. உணவு, உடற்பயிற்சி, உறக்கம், அழகு, சுற்றுலா எல்லாவற்றையும் சேர்த்து, 2023-இல் உலக நலவாழ்வுச் சந்தை 6.3 டிரில்லியன் டாலர் என்று குளோபல் வெல்னஸ் இன்ஸ்டிடியூட் மதிப்பிட்டிருக்கிறது. இதில் தலைக்கு எண்ணெய் வைப்பதற்கும் இடம் கிடைத்துவிட்டது. 2020-இல் லண்டனில் இந்திய வம்சாவளி உடன்பிறப்புகள் இருவர் தொடங்கிய ஃபேபிள் அண்ட் மேன் என்ற நிறுவனம், பாட்டி வழி வந்த எண்ணெய்ச் சடங்கு என்று சொல்லியே செஃபோரா அழகுசாதனக் கடைகளுக்குள் போனது. எண்ணெய் வழியும் இரட்டைச் சடையோடு பள்ளிக்குப் போய்க் கேலிக்கு ஆளான ஒரு தலைமுறைப் பெண்களுக்கு, அதே எண்ணெய் அழகான கண்ணாடிக் குப்பியில் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கோபப்பட இடமிருக்கிறது. ஆனால் அந்தக் குப்பியைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வரும் பெண்கள் எண்ணெய்க் குளியலைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்கத் தொடங்கினார்கள் என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

இன்னொரு நிறுவனத்தின் கதை எனக்கு இதைவிடப் பாடமாக இருந்தது. ஜெய்ப்பூரில் 2020-இல் தொடங்கிய மினிமலிஸ்ட், குப்பியின் முகப்பிலேயே எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு என்று எழுதி விற்றது. நடிகை முகமோ, மின்னும் அருவியோ அதில் இல்லை. 2025 ஜனவரியில் அதன் 90.5 விழுக்காட்டுப் பங்குகளை வாங்குவதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. இளையவர்கள் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனக்கு வரும் செய்திகளிலும் அதைப் பார்க்கிறேன். "இதுல கார்போகரிசி எதுக்குக்கா?" என்று ஒரு பொறியியல் கல்லூரி மாணவன் கேட்கிறான். "சந்தனம் எத்தனை கிராம் போடுறீங்க?" என்று ஒரு பெண் கேட்கிறாள். அவர்கள் அம்மாக்கள் காலத்தில் சீயக்காயில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. வீட்டிலேயே சுளகில் கொட்டிப் புடைத்தார்கள், கண்ணெதிரே மில்லில் அரைத்தார்கள். அந்தப் பார்வை கைவிட்டுப் போன தலைமுறை, இப்போது எழுத்தின் வழியாக அதே நம்பிக்கையைத் தேடுகிறது.

ஆகவே எழுதுவது என் தொழிலில் பாதி. அதைச் சலிப்பதைப் போலவே செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

அழகுசாதனப் பொருள் என்றால் என்ன என்று 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் வரையறுத்திருக்கிறது. சுத்தப்படுத்த, அழகூட்ட, கவர்ச்சி கூட்ட, தோற்றத்தை மாற்றப் பூசுவதும் தெளிப்பதும் அதில் அடங்கும். குணப்படுத்துவது அதில் இல்லை. குணப்படுத்தும் என்று எழுதிய கணத்திலேயே அந்தப் பொடி மருந்தாகிவிடும். அதற்கு வேறு உரிமம், வேறு பொறுப்பு. மருந்தென்றாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒரு பட்டியல் உண்டு. எந்த மருந்தும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நிலைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. புற்றுநோய், ஆஸ்துமா போன்றவற்றோடு வழுக்கை இருக்கிறது, புது முடி வளர்ப்பது இருக்கிறது, தோலை வெளுப்பாக்குவது இருக்கிறது. அதாவது, என் வாட்ஸ்அப்பில் முதலில் வரும் அந்த இரண்டு கேள்விகளுக்கும் "ஆமாம்" என்று சொல்லும் உரிமை ஒரு மருந்துக்கே கிடையாது. பயற்று மாவுக்கு எங்கிருந்து வரும்?

இந்த அட்டவணையை முதன்முதலில் எனக்குக் காட்டியவர் ஒரு சித்த மருத்துவர். அதன் நகல் ஒன்றை நான் பொட்டலம் போடும் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். எங்களிடம் வேலைக்குச் சேரும் பெண்கள் எல்லாரையும் அதைப் படிக்கச் சொல்வேன். வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசப் போகிறவர்கள் அவர்கள்தான்.

நான் எழுதாத சொற்கள் சில இருக்கின்றன. வெண்மை, பொலிவான நிறம், சிவப்பழகு மூன்றும் கிடையாது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-இலிருந்து சுமந்த பெயரை 2020-இல் மாற்றிக்கொண்ட பிறகும், நலங்கு மாவு விற்கும் சிறு வியாபாரிகள் பலர் அந்தக் கைவிடப்பட்ட வாக்குறுதியை எடுத்துப் பாட்டி பெயரில் விற்பது எனக்கு வலிக்கிறது. கறுத்த தோலைக் குறையாகப் பார்க்கப் பழக்கியதில் எங்கள் பொடிக்கும் நெடுங்காலமாகப் பங்கு இருந்திருக்கிறது. பெண் பார்க்க வருவதற்கு முந்தைய வாரம் பூசச் சொன்ன மாவு இது. அந்தப் பங்கை நான் தொடர மாட்டேன்.

'கெமிக்கல் ஃப்ரீ' என்பதும் எழுத மாட்டேன். சபோனின் ஒரு வேதிப்பொருள்தான், தண்ணீரும்தான். 'பக்கவிளைவு இல்லாதது' என்பது அதைவிட ஆபத்தான சொல். மஞ்சளுக்கு அரிப்பு எடுக்கும் தோல் உண்டு, ரோஜாவுக்குத் தும்மும் மூக்கு உண்டு. முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி, ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள் என்று முன்பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இதை முன்பக்கத்தில் போட்டால் விற்பனை படுத்துவிடும் என்றார்கள். படுக்கவில்லை. இந்த ஒரு வரிக்காகவே வாங்கியதாகச் சொன்னவர்கள் பலர்.

முடி கொட்டுவதைப் பற்றிக் கேட்பவர்களிடம் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுவேன். நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. அதற்கு மேல் கொத்துக்கொத்தாக வந்தால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு என்ன நடந்தது என்று யோசிக்கச் சொல்வேன். டெங்கு போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினிபோன்ற உணவுக் கட்டுப்பாடு, பெரிய மன அதிர்ச்சி எதுவானாலும் அதன் விளைவு தலையில் தெரிய அவ்வளவு காலம் ஆகும். பெரும்பாலும் அது தானாகவே சில மாதங்களில் சீராகும். இதைத் தெரிந்துகொண்டால் ஓர் உண்மையும் தெரியும்: முடி தானாகத் திரும்பும் காலத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் அந்த எண்ணெய்க்குப் பெயர் கிடைத்துவிடும். எங்கள் தொழிலில் 'முன்பு - பின்பு' படங்கள் பலவற்றின் அடியில் இருப்பது இதுதான். இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். "மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிருங்க தங்கச்சி, எண்ணெய அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிய பெண்கள் சிலர், மாதங்கள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் தோழிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது நம்மூர்ப் பழமொழி. எண்ணெய்க்கு இதைவிட நல்ல விளம்பரம் யாரும் எழுதியதில்லை. நான் அதையும் பொட்டலத்தில் போடுவதில்லை. வைத்தியரிடம் போக வேண்டிய பிள்ளை ஒன்று அதைப் படித்துவிட்டு என்னிடமே நின்றுவிடக் கூடாது.

சரி, கலரும் வராது, முடியும் வளராது என்றால் இவர்கள் எதற்குத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள்? இந்தக் கேள்வியோடு நான் வெகுகாலம் இருந்திருக்கிறேன். பதில் கிடைத்தது மூன்றாவதாக ஒரு கேள்வி வரத் தொடங்கிய பிறகு: "எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

முதலில் இதை அவசரத்தின் கேள்வி என்றே எடுத்துக்கொள்வோம். நம் கடலூரிலிருந்து கிளம்பியது அந்த அவசரத்துக்கான விடை. சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்துக் காட்டினார். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவோடு தொடங்கிய நிறுவனம் பிறகு கெவின்கேர் ஆனது, மீரா சீயக்காயும் அங்கிருந்து வந்தது. குப்பி வாங்க முடியாத கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரு வேளைக் குளியலை அளந்து கொடுத்தது அந்தப் பாக்கெட். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சீயக்காய் ஊறவைத்து, அம்மியில் அரைத்து, வெந்நீர் போட்டு, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தேய்த்துவிட்டு, கடைசியில் தனக்கு ஆறிய தண்ணீர் மிஞ்சிய அம்மாக்களின் சனிக்கிழமைகளை அது மீட்டுக் கொடுத்தது. பழைய எண்ணெய்க் குளியலைப் புகழ்ந்து எழுதும்போது அந்த அம்மாக்களின் உழைப்பை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளிடம் நான் பேசப் பேச, பலர் குறைந்த நேரத்தைத் தேடவில்லை என்று தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால் முகம் சுளிப்பார்கள் என்று நினைப்போம். "அப்ப ஞாயித்துக்கிழமை காலைல போன ஆஃப் பண்ணி வச்சிட்டுப் பண்றேன்க்கா" என்கிறார்கள். வாரம் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்கு, எண்ணெய் வைத்த தலையோடும் பிசுபிசுத்த கையோடும் எதையும் தொட முடியாத ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. எண்ணெய்க் கையால் கைப்பேசியை எடுக்க முடியாது. அவர்கள் ஸெல்ஃப் கேர் என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். அதைக் கேலி செய்கிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நேரத்தை மீட்க வழி தேடும் பிள்ளைகள் அவர்கள்.

அதற்குள்ளும் ஒரு குறை இருக்கிறது. அதை அவர்கள் சொல்வதில்லை, நானாகத்தான் கண்டுகொண்டேன். எண்ணெய்க் குளியல் பெரும்பாலும் தனக்குத் தானே செய்துகொள்ளும் காரியமாக இருந்ததில்லை. தீபாவளி விடியலில் உச்சந்தலையில் எண்ணெய் வைப்பது வீட்டுப் பெரியவரின் கை. செவ்வாய், வெள்ளியில் பின்னந்தலை வரை விரல்விட்டுத் தேய்ப்பது அம்மாவோ அத்தையோ. திண்ணையில் ஒருத்தி முன்னால் உட்கார, இன்னொருத்தி பின்னால் உட்கார்ந்து சிக்கெடுப்பாள். ஸ்வீடனின் லிங்ஷோபிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஒன்றைக் காட்டினார்கள்: நம் கையே நம்மைத் தொடும்போது மூளை அந்த உணர்வைத் தணித்துவிடுகிறது, பிறர் தொடும்போது அப்படித் தணிப்பதில்லை. மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன என்பதும் அறிவியல் அறிந்ததுதான். ஒரே எண்ணெய், ஒரே தலை. ஆனால் தேய்க்கும் கை மாறினால் கிடைப்பது வேறு.

விளம்பரங்கள் எல்லாம் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. தனியாக ஒரு பெண், மெழுகுவத்தி, வெள்ளைத் துண்டு, மூடிய கண்கள். உனக்கு நீயே என்கிறது அந்தப் படம். வீட்டை விட்டு வந்து, ஊர் தெரியாமல், அலுவலகத்தில் பேசக்கூடிய ஆள் இல்லாமல் இருக்கும் பிள்ளைக்கு அதே தனிமையை அழகாக மடித்துக் கொடுத்து விலை வாங்குவது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

அதனால் உள்ளே வைக்கும் செய்முறைத் தாளை மாற்றி எழுதினேன். அதன் தலைப்பு: இரண்டு பேருக்கு. எண்ணெயை வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். தோழியைத் தரையில் உட்காரச் சொல்லி நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். உச்சியில் தொடங்கி, விரல் நுனியால் மெதுவாக, காதுக்குப் பின்னால் வந்து பிடரியில் முடியுங்கள். நகம் படக் கூடாது. எண்ணெய் ஊறும் நேரத்தில் இடம் மாறிக்கொள்ளுங்கள். சீயக்காயை வடிகஞ்சியில் குழைத்தால் கண்ணில் வழிவது குறையும். விடுதிக் குளியலறையில் தூள் அடைத்துக்கொள்கிறது என்றால், வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். குழைத்தது மிஞ்சினால் நாளைக்கென்று வைக்காதீர்கள். ஆண்களுக்கும் இதே முறைதான். அறைத் தோழன் மறுத்தால் தாளைக் காட்டுங்கள்.

பொட்டலத்தையும் இரண்டு தலைக்கு அளந்து போடத் தொடங்கினேன். வணிகக் கணக்கில் பார்த்தால் ஒருவர் வாங்கும்போது இன்னொருவருக்கும் பழக்கமாகிறது. அந்த இன்னொருவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போகும்போது அங்கே புதிதாக ஓர் அறை, புதிதாக ஒரு தோழி. விளம்பரத்துக்கு நான் செலவிடுவது குறைந்தது. பொய் சொல்லாமல் வளர முடியுமா என்று கேட்கும் இளம் தொழில்முனைவோரிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன். 'ஏழு நாளில்' என்று எழுதி விற்றால் எட்டாம் நாள் வாடிக்கையாளர் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு விற்றால் வாரம் தவறாமல் ஒரு ஞாயிறு வரும்.

ரீல் போடுகிறவர்கள் கேட்டு வருவதும் உண்டு. பணம் வாங்கியோ இலவசப் பொருள் வாங்கியோ பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-இல் நெறிமுறை கொண்டுவந்தது. 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி செய்பவர்களோடு மட்டும் வேலை செய்கிறேன். இன்னும் ஒரு நிபந்தனையும் உண்டு: படத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டும், முகத்துக்கு ஃபில்டர் கூடாது. பாதிப்பேர் அதோடு போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்களின் படங்களில் சிக்கெடுக்கும்போது கத்தும் சத்தமும் சிரிப்பும் இருக்கும். பார்ப்பவர்கள் பொடியின் விலையைக் கேட்கும் முன் அந்தத் தோழியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

எல்லையில்லாமல் வளர முடியாத தொழில் இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கும் ஆவாரம்பூ வேலியோரத்தில் தானாகப் பூப்பது. தேவை பத்து மடங்கானால் வேலி பத்து மடங்காகாது. மலைக்காட்டிலிருந்து வரும் சீயக்காய் அந்தந்தப் பருவத்தில் பொறுக்கி வருபவர்களின் கூலியைப் பொறுத்தது. அந்தக் கூலியைக் குறைத்து என் விலையைக் குறைக்க எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தீபாவளி. ஆண்டின் மிகப் பெரிய விற்பனை ஐப்பசியில் வருகிறது. அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் இறங்குகிறது. மழை நாளில் உலர்த்தியதாகச் சொல்லப்படும் பொடி, பெட்டி அடுப்பில் வாட்டியதாகவோ, ஈரத்தோடு அரைத்ததாகவோதான் இருக்கும். ஆகவே தீபாவளிக்கு வேண்டியதை ஆவணி, புரட்டாசி வெயிலிலேயே காய வைத்து முடித்துவிடுகிறோம். காய்ந்த அளவுக்குத்தான் முன்பதிவு வாங்குவோம். தீர்ந்த பிறகு எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும், தை வெயிலுக்குப் பிறகு அனுப்புகிறோம் என்று எழுதிவிடுவோம். கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் செய்முறைத் தாளை மட்டும் அனுப்பிவைக்கிறேன். நல்லெண்ணெய் அவர்கள் ஊர்ச் செக்கிலேயே கிடைக்கும், பச்சைப்பயறு மளிகைக் கடையில் கிடைக்கும். பக்கத்தில் ஒரு தோழி இருந்தால் இந்தத் தீபாவளிக்கு அது போதும்.